கல்லுக்கு எண்ணெய் எதற்கு? ரங்கூனிலிருந்து வந்த ஜேடைப் பராமரிப்பது பற்றி

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவரின் தாத்தா ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் கணக்கெழுதியவர். 1964-ல் அங்கே கடைகண்ணிகளெல்லாம் அரசுடைமையானபோது குடும்பத்தோடு கப்பலேறினார். துணி மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த, ஜேடு எனும் பச்சைநிறக் கல்லில் செய்த நான்கு பொருள்கள் இன்று வாசகியின் பொறுப்பில் இருக்கின்றன: அடர்பச்சை வளையல் ஒன்று, இரட்டை மீன் செதுக்கிய பதக்கம், உள்ளங்கையில் அடங்கும் வெளிர்பச்சைக் கிண்ணம், 54 மணி கோத்த மாலை. "கல் எண்ணெய் குடிக்கும், காயவிடக் கூடாது" என்று மாமியார் சொன்னபடி மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் பூசி வந்திருக்கிறார். இப்போது மீனின் செதில் இடுக்குகளில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. ஒரு வீடியோவைப் பார்த்து வளையலை எலுமிச்சைச் சாறும் கல்லுப்பும் கலந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்ததில் பளபளப்பு போய்விட்டது. அதை மீட்க விபூதி போட்டுத் தேய்த்தது இன்னும் மோசமாக்கிவிட்டது. மணிமாலை வைத்திருந்த பட்டுப்பையில் கறுப்புப் புள்ளிகள், பெட்டியில் பூஞ்சை வாடை. ஊட்டியில் ஒரு வியாபாரி எல்லாவற்றையும் மெஷினில் பாலிஷ் போட்டுப் புதுசாக்கித் தருகிறேன் என்கிறார். கத்தியால் கீறிப் பார்த்தால் அசலா போலியா தெரிந்துவிடும் என்றும் சொல்கிறார். வளையலில் முடி போல ஒரு கோடு தெரிகிறது. வீட்டுக்கு வர இருந்த கெடுதலைக் கல் வாங்கிக்கொண்டது என்று நாத்தனார் சொல்கிறார். சிங்கப்பூரிலிருந்து கணவரின் அண்ணன் மகன், "குடுங்க சித்தி, இங்க நல்ல விலைக்கு வித்துத் தர்றேன்" என்று கேட்கிறான். என்ன செய்வது?

சகோதரிக்கு,

முதலில் ஓர் ஆறுதல். நீங்கள் எழுதியிருப்பதில் கல்லுக்கே நேர்ந்த கேடு குறைவு. அதன் மேலும் கீழும் இருக்கும் எண்ணெய், மெழுகு, நூல், பை, பெட்டி ஆகியவற்றுக்கு நேர்ந்ததுதான் அதிகம். அவற்றில் பெரும்பகுதியைச் சரிசெய்துவிடலாம்.

மாமியார் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். ஜேடு எண்ணெய் குடிக்காது. முத்து, பவளம், தந்தம் போல உயிரிலிருந்து வந்த பொருள் அல்ல அது. ஊசி ஊசியான படிகங்களும் குருணைப் படிகங்களும் பாய் முடைந்தது போல ஒன்றுக்குள் ஒன்று பின்னி இறுகிய பாறை. அந்தப் பின்னலால்தான் அது லேசில் உடைவதில்லை. காய்ந்து போகவும் அதில் ஏதுமில்லை. எண்ணெய் பூசினால் பளபளப்பாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு: மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் இருக்கும், எண்ணெய் அவற்றை நிரப்பியதும் ஒளி சிதறாமல் நிறம் ஆழமாகத் தெரியும். அணிய அணியப் பச்சை ஏறும் என்று சொல்வதும் இதே கதைதான், தோலின் எண்ணெய் செய்யும் வேலை. ரங்கூன் வெயிலில் தேங்காய் எண்ணெய் எப்போதும் உருகியே இருந்திருக்கும். உங்கள் ஊரில் அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனதுமே உறைந்துவிடும், அதாவது வருஷத்தின் பெரும்பாலான நாட்களில். மீன் செதிலில் இருக்கும் வெள்ளை அதுவேதான்: உறைந்த எண்ணெய், அதில் ஒட்டிய தூசி, பூஜை அறையில் வைத்திருந்தால் சாம்பிராணிப் புகையும் குங்குமமும்.

சந்தனம் பூசலாமா என்றும் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். உத்தரகோசமங்கை மரகத நடராஜர் ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பில் இருந்து, மார்கழி ஆருத்ராவையொட்டிக் களைந்து தரிசனம் தருவதை மனதில் வைத்துக் கேட்டிருப்பீர்கள் போல. அது அந்தக் கோயிலின் வழிபாடு. வீட்டில் அரைக்கும் சந்தனத்தில் உரைகல்லின் மணல்துகள் கலந்திருக்கும், நுண்ணிய செதுக்கலில் போய் அடைத்துக்கொள்ளும். வேண்டாம்.

எண்ணெய்ப் படிவை எடுக்கும் முறை

பிளாஸ்டிக் பேசின் ஒன்றை எடுத்து அடியில் மடித்த துண்டு ஒன்றை விரியுங்கள். சிங்க்கில் வைத்துக் கழுவக் கூடாது. சோப்புக் கையிலிருந்து நழுவும் ஜேடு விழுவது எப்போதும் கிரானைட்டிலோ எவர்சில்வரிலோதான். ஒரு லிட்டர் நீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு போதும். நீர் 35 முதல் 40 டிகிரிக்குள், குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில் இருக்க வேண்டும். மார்கழிக் காலையில் 10 டிகிரியில் கிடந்த கல்லைத் தூக்கிச் சுடுநீரில் போடாதீர்கள். உள்ளே விரிசல் இருந்தால் அந்த அதிர்ச்சியில் அது நீளும். அறை வெப்பத்து நீரில் ஐந்து நிமிடம், பிறகு வெதுவெதுப்பு நீரில் பத்து நிமிடம். அதற்கு மேல் ஊறவிட வேண்டாம்.

எண்ணெய் இளகியதும் குழந்தைகளுக்கான மிக மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒரே திசையில் மெல்லத் துலக்குங்கள். செதில் இடுக்குக்கு மூங்கில் பல்குச்சியின் முனையை நீரில் நனைத்து, கடித்து நார் நாராக்கிக்கொள்ளுங்கள். ஊக்கு, குண்டூசி பக்கமே போகாதீர்கள். ஊசி ஜேடைக் கீறாது; ஆனால் ஜேடு ஊசியைத் தேய்த்துவிடும், சாம்பல் நிறக் கோடாக இரும்பு கல்மேல் ஒட்டிக்கொள்ளும். கீறல் விழுந்துவிட்டதென்று பலர் கலங்கி வருவது இந்தக் கோட்டைப் பார்த்துத்தான்.

சோப்பு நீருக்கு அசையாத பிசுபிசுப்பு மிஞ்சினால் மருந்துக்கடை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு, முதலில் பதக்கத்தின் பின்பக்கம் மிளகளவு இடத்தில் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் பச்சை ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள். அது சாயம் ஏற்றிய கல். ஏறாவிட்டால் மற்ற இடங்களைத் துடைக்கலாம். நெயில் பாலிஷ் எடுக்கும் அசிட்டோன் கூடாது. நீலகிரித் தைலமும் கூடாது. எந்தக் கறைக்கும் தைலப் புட்டியை எடுப்பது மலைவாசிகளின் கைப்பழக்கம். அது மெழுகைக் கரைக்கும், பழைய பசையை இளக்கும்; மீன் பதக்கத்தின் வெள்ளி வளையம் பசையில்தான் நிற்கிறதென்றால் கழன்று கையோடு வந்துவிடும்.

பிறகு சுத்தமான வெதுவெதுப்பு நீரில் இரண்டு முறை அலசி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, துண்டின் மேல் ஒரு நாள் முழுக்க வைத்துவிடுங்கள். ஹீட்டர் பக்கத்திலோ கணப்படுப்பு மேடையிலோ வேண்டாம். நகைக்கடையில் இருக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியும் நீராவி பீச்சும் கருவியும் ஜேடுக்கு ஆகாது. மணிமாலையைக் கோத்தபடியே நீரில் போடக் கூடாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வளையலின் மங்கல்

எலுமிச்சை செய்ததையும் விபூதி செய்ததையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நல்ல ஜேடை ஓர் இரவு எலுமிச்சைச் சாறு அரித்துவிடாது. பாலிஷ் முடித்ததும் கல்லின் மேல் மெல்லிய மெழுகு பூசுவது பர்மாவிலும் சீனாவிலும் காலங்காலமாக உள்ள வழக்கம். சாறும் அதற்குப் பிறகு நீங்கள் தேய்த்த தேய்ப்பும் அந்த மெழுகை எடுத்திருக்கும். மெழுகை மறுபடி ஏற்றலாம். விபூதி வேறு விஷயம். சாணச் சாம்பலில் வைக்கோலிலிருந்து வந்த சிலிக்காவும் தரையிலிருந்து ஒட்டிய மணலும் உண்டு. கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் மணல் 7. ஜேடு வகையைப் பொறுத்து 6-லிருந்து 7 வரை. அதனால் விபூதி பாலிஷ்மேல் நுண்கீறல் போடும். விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள்: பனி படர்ந்தது போல ஒரே சீராக மங்கியிருந்தால் மெழுகுதான் போயிருக்கிறது. வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரிந்தால் கீறல். சாறு பட்டபோது நுரை பொங்கியிருந்தால் அது ஜேடே அல்ல, சாயமேற்றிய சுண்ணக்கல் அல்லது பளிங்கு.

மெழுகேற்றத் தேன்மெழுகு போதும், உங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. வடிகட்டி வெளுத்த மெழுகாகப் பாருங்கள், மஞ்சள் மெழுகு கிண்ணத்தின் வெளிர்ப்பச்சையில் தெரியும். முழு வளையலுக்கும் அரைக் கோதுமை மணியளவுதான். கூடினால் தூசியைத்தான் பிடிக்கும். மெல்லிய பருத்தித் துணியில் அதைத் தேய்த்து, துணியை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சூடாகும்வரை உரசி, வளையலின் மேல் சுற்றிச் சுற்றித் தடவுங்கள். பத்து நிமிடம் விட்டு வேறு துணியால் அழுத்தி மெருகேற்றுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் உருக்கி அதில் கல்லை முக்கியெடுக்கத் தோன்றும். பட்டறைக்காரர் செய்வார், வீட்டில் வேண்டாம். ஷூ பாலிஷும் மரச்சாமான் பாலிஷும் எந்தக் காலத்திலும் கூடாது. கீறலே விழுந்திருந்தாலும் மெழுகு பாதியை மறைத்துவிடும், மீதியை அப்படியே விடுங்கள்.

அதனால் வியாபாரியின் மெஷின் பாலிஷுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். மெஷின் சக்கரம் மேற்பரப்பை எடுத்துத்தான் பளபளப்பைத் தரும். மீனின் கண்ணும் செதில் விளிம்பும் வழவழவென்று ஒன்றாகிவிடும். ஜேடின் குருணைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு திசையில் படுத்திருப்பதால் அவசரப் பாலிஷில் சில குருணைகள் மற்றவற்றை விட ஆழமாகத் தேயும், ஆரஞ்சுத் தோல் போலக் குண்டும் குழியுமாகும். கையால் தேய்த்த பழைய மெருகைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒருமுறை போனால் போனதுதான். கிண்ணத்தின் விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதைச் சமப்படுத்தவும் கொடுக்காதீர்கள்.

அசலா என்று கத்தி இல்லாமல் பார்ப்பது

கத்திக் கீறல் உங்களுக்கு எதையும் சொல்லாது. ஜேடு கீறாது என்பது உண்மைதான். ஆனால் சாயமேற்றிய குவார்ட்ஸும் (படிகக்கல்) அவென்ச்சுரின் என்ற பச்சைக் குவார்ட்ஸும் கூடக் கீறாது. கீறினால் அது செர்பன்டைன் போன்ற மென்மையான கல், கீறிய தழும்போடு வீட்டுக்கு வரும். கையில் வைத்தால் குளிர்கிறதா என்ற சோதனைக்குக் கோத்தகிரியில் அர்த்தமே இல்லை, அங்கே சோப்புப்பெட்டியும் குளிரும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நாம் ஜேடு என்று சொல்வது ஒன்றல்ல, இரண்டு கனிமங்கள். பிரெஞ்சு வேதியியலாளர் தமூர் 1863-ல்தான் இரண்டையும் பிரித்துக் காட்டினார். ஒன்று நெஃப்ரைட்: கால்சியம், மக்னீசியம் உள்ள கல், சீனத்தின் மேற்கிலுள்ள கோத்தான் (Khotan) பகுதியில் புகழ்பெற்றது. முகலாய அரண்மனைக் கிண்ணங்களும் கத்திப் பிடிகளும் இதுதான். ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஜேடுக் கூடத்துக்குப் போனால் கண்ணாரப் பார்க்கலாம். மற்றது ஜேடைட்: சோடியம், அலுமினியம் உள்ள கல். வட பர்மாவின் கச்சின் மலைகளில் ஹபாகன்ட் பக்கம் எடுப்பது. ரங்கூன் வளையல் ஜேடைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். கிண்ணம் எதுவாகவும் இருக்கலாம்; ரங்கூன் சீனக் கடைகளில் இரண்டும் கிடைத்தன.

இரண்டையும் போலிகளையும் பிரிக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு: ஒப்படர்த்தி, அதாவது கல் தன் அளவுள்ள நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு ஒன்று வேண்டும். கல்லை முதலில் வெறுமனே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முக்கால் பாகம் நீருள்ள பிளாஸ்டிக் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நைலான் நூலில் கட்டி நீருக்குள் முழுக்க இறக்குங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது, நூலை மேலே ஒரு குச்சியில் கட்டிவிட்டால் கை நடுங்காது. தராசு இப்போது காட்டும் எண் கல் விலக்கிய நீரின் எடை. முதல் எண்ணை இதனால் வகுங்கள்.

ஒரு கணக்கு: வளையல் வெறுமனே 52.40 கிராம், நீரில் தராசு காட்டுவது 15.70 என்றால் விடை 3.34. அது ஜேடைட்டின் எண். நெஃப்ரைட் 2.95-ஐ ஒட்டி வரும். செர்பன்டைன் 2.6-க்குப் பக்கத்தில், அவென்ச்சுரினும் சாயக் குவார்ட்ஸும் 2.65. கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் எண் குறைந்து வரும், நீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டால் குமிழி நிற்காது. மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். தராசின் தாங்கும் எடைக்குள் டம்ளர், நீர் எல்லாம் சேர்ந்து அடங்க வேண்டும் என்பதையும் பாருங்கள். வெள்ளி வளையம் உள்ள மீன் பதக்கத்துக்கும் கோத்த மாலைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

எண் சரியாக வந்துவிட்டால் கல் ஜேடு என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் அதற்கு என்ன செய்திருக்கிறார்கள் என்பது எண்ணில் தெரியாது. சந்தையில் ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். மெழுகைத் தவிர எதுவும் சேர்க்காதது ஏ. அமிலத்தில் வெளுத்துப் பழுப்பை எடுத்து, உண்டான ஓட்டைகளில் பிளாஸ்டிக் பிசின் ஏற்றியது பி. சாயம் ஏற்றியது சி. பி வகை சந்தையைப் பிடித்தது 1980-களில்தான். தாத்தா 1964-லேயே கொண்டுவந்தது உறுதியென்றால் வளையல் பி வகையாக இருக்க வழியில்லை. சாயம் அதற்கு முன்பும் உண்டு. மாலையை இடையில் யாராவது பிரித்துக் கோத்தார்களா, உடைந்த மணிக்குப் பதில் வேறு மணி சேர்த்தார்களா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 54 மணியும் ஒரே வயதாக இருக்க வேண்டியதில்லை. பிசின் உள்ள கல் புற ஊதா டார்ச்சில் நீலவெள்ளையாக ஒளிரும் என்பார்கள், ஆனால் மெழுகும் ஒளிரும், அதை வைத்து முடிவெடுக்க முடியாது. விற்பதாக இருந்தால் மட்டும் ஜெய்ப்பூரிலோ மும்பையிலோ ரத்தின ஆய்வகத்துக்கு அனுப்பி அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை கேளுங்கள். "ஜேடு" என்ற ஒற்றைச் சொல்லோடு வரும் அட்டையால் பயனில்லை. கனிமத்தின் பெயரும் பிசின், சாயம் உண்டா இல்லையா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அந்த முடிக்கோடு

நாத்தனாரின் நம்பிக்கையோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் கோடு எப்படிப்பட்டது என்று பார்த்தாக வேண்டும். நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெல்ல ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் அது வாய்திறந்த விரிசல். தடுக்காவிட்டால் இருட்டறையில் வளையலுக்குப் பின்னால் டார்ச் வையுங்கள். கல்லோடு பிறந்த கோட்டில் ஒளி இரு பக்கமும் கலந்து பரவும், கோடு நிறத்தில் மட்டும் வேறுபடும். விரிசலில் ஒளி வெட்டுப்பட்டாற்போல நிற்கும். தேங்காய் எண்ணெய் இத்தனை வருஷம் விரிசலுக்குள் இறங்கி அதை மறைத்தே வைத்திருக்கும், சோப்பு நீரில் கழுவிக் காய்ந்த பிறகு பார்ப்பதே சரி. முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தால் கழுவியதால் விரிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

விரிசலானால் அணியாதீர்கள். ஒரு நாள் குழாயில் இடிபட்டால் இரண்டாகும், உடைந்த முனை மணிக்கட்டைக் கிழிக்கும். கோடு வெறும் கல்கோடானால் தாராளமாக அணியலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: குளிரில் கை சுருங்கும், கோடையில் கச்சிதமாக இருந்த வளையல் ஐப்பசி கார்த்திகையில் தானாக நழுவும்.

விரிசலுள்ள வளையலுக்குத் தங்கப்பூண் போடுவது சீனர்களிடம் பழைய வழக்கம், நம்மூர்ப் பத்தர் யாரும் செய்யக்கூடியதுதான். ஆனால் பத்தரிடம் மூன்று விஷயங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். பூணைத் தனியே செய்து பற்றவைத்து முடித்த பிறகே கல்லில் மாட்ட வேண்டும், கல் இருக்கும்போது ஊதுகுழல் தீ கிட்டே வரக் கூடாது. வெங்காரம் போக்க நகையை அமிலத்தில் போடும் வழக்கம் கல்லோடு ஆகாது. கடைசியில் ஒட்ட எபாக்சி போதும்; ஐந்து நிமிடப் பசை என்று டப்பாவில் போட்டிருந்தாலும் 15 டிகிரிக் குளிரில் அது இறுக நேரமாகும், 48 மணி நேரம் தொடாமல் வைக்கச் சொல்லுங்கள்.

பெட்டியும் பையும் நூலும்

உங்கள் ஊரில் ஜேடுக்கு எதிரி ஈரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஈரம் கல்லை ஒன்றும் செய்யாது. பட்டு, பருத்தி நூல், மரப்பெட்டி, அட்டை எல்லாம் பூசணம் பிடிக்கும், வெள்ளி கறுக்கும். கறுப்புப் புள்ளி விழுந்த பட்டுப்பையைத் துவைத்து மீட்கப் பார்க்காதீர்கள், எறிந்துவிடுங்கள். பெட்டியை வெளியே எடுத்துப் போய், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, உள்ளே ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, சித்திரை வெயிலில் இரண்டு நாள் திறந்து வையுங்கள்.

மாலையை நூல் வெட்டிப் பிரித்துவிடுங்கள். முன்னதாக மேசையில் விரித்து மணிகளின் வரிசை தெரிய ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மணிகளை ஒரு வடிகட்டியில் போட்டு மேலே சொன்னபடி கழுவி, ஓட்டைக்குள் பல் இடுக்குத் துலக்கும் மெல்லிய பிரஷ்ஷை ஒருமுறை விட்டு எடுங்கள். பூசணம் குடியிருப்பது அங்கேதான். இரண்டு நாள் காய்ந்த பின் புது நூலில் ஒவ்வொரு மணிக்கும் இடையில் முடிச்சுப் போட்டுக் கோக்கச் சொல்லுங்கள். முடிச்சு இருந்தால் மணி மணியோடு உரசாது, அறுந்தாலும் ஒன்றுதான் விழும். பருத்தி நூல் வேண்டாம், முறுக்கிய பாலியெஸ்டர் நூல் உங்கள் ஈரத்துக்குத் தாங்கும்.

வைப்பதற்குக் காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா எதையும் விடச் சிறந்தது. ஒவ்வொரு பொருளையும் கஞ்சி போடாத, துவைத்த பருத்தித் துணியில் தனித்தனியே சுற்றுங்கள். வைரம், மாணிக்கத்தோடு ஒரே டப்பாவில் வேண்டாம், அவை ஜேடைக் கீறும். முத்தோடும் வேண்டாம், ஜேடு முத்தைக் கீறும். 5 லிட்டர் டப்பாவுக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல் மணிகளைத் துணிப்பொட்டலமாக வையுங்கள், நிறம் மாறினால் 110 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி பயன்படுத்தலாம். சின்ன ஈரமானி ஒன்றை உள்ளே போட்டு 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். கிண்ணத்துக்கு மரப்பீடம் இருந்தால் அதை இந்த டப்பாவில் வைக்காதீர்கள், அதிகம் காய்ந்தால் மரம் வெடிக்கும். ரப்பர் பேண்டு, பாச்சை உருண்டை, கற்பூரம் மூன்றும் டப்பாவுக்குள் நுழையக் கூடாது. ரப்பர் வெள்ளியைக் கறுப்பாக்கும், மற்ற இரண்டும் பசையையும் பிசினையும் இளக்கும்.

அலமாரிக்குள் பல்பு எரியவிடுவது மலையில் பல வீடுகளில் உண்டு. குண்டு பல்பின் சூட்டில்தான் ஈரம் போயிற்று, எல்.இ.டி.க்கு மாறிய பிறகு வெளிச்சம் மட்டும்தான் மிச்சம். பழைய குண்டு பல்பே இருந்தாலும் ஜேடை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள், மெழுகு வியர்க்கும். கிண்ணத்தை ஜன்னல் திட்டில் அழகுக்கு வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். வெயிலைவிட எனக்குக் குரங்குகளைப் பற்றித்தான் கவலை.

சிங்கப்பூருக்குக் கொடுத்தனுப்புவது

இதில் அவசரப்படாதீர்கள். 1972-ம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி, நூறு வருஷமோ அதற்கு மேலோ ஆன செதுக்குவேலை தொல்பொருளாகும். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகவோ அனுப்பவோ முடியாது. வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல, ஆனால் தொல்பொருள் வகையில் வந்தால் பதிவு தேவைப்படலாம். தாத்தா வாங்கியபோதே கிண்ணம் பழசாக இருந்திருந்தால் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். வளையலும் மாலையும் அவர் காலத்துப் புதுப்பொருள்களாக இருக்கலாம், ஆனால் விமான நிலையத்தில் அதை வாயால் சொல்லி நம்பவைக்க முடியாது. இந்தியத் தொல்லியல் துறையிடம் பொருளைக் காட்டித் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிய பிறகுதான் அனுப்புவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அண்ணன் மகன் பையில் போட்டுக்கொண்டு போகிறேன் என்றால், பிடிபட்டால் பொருளும் போகும், வழக்கும் அவன் தலையில் விழும் என்று சொல்லிவிடுங்கள்.

விற்பதானாலும் விற்காவிட்டாலும் இந்த வாரமே ஒரு வேலை செய்யலாம். ஒவ்வொரு பொருளையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து முன், பின், பக்கவாட்டில் படம் எடுங்கள். கிண்ணத்தின் சில்லையும் வளையலின் கோட்டையும் கிட்டத்தில் எடுங்கள். எடை, விட்டம், ஒப்படர்த்தி எண், தாத்தா கொண்டுவந்த வருஷம், அதைச் சொன்னது யார் என்பதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கப்பல் டிக்கெட்டோ அந்தக் காலத்து அகதி அட்டையோ பரணில் கிடந்தால் அதையும் நோட்டோடு சேருங்கள். பி வகை இல்லை என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் முதல் சாட்சி அந்தக் காகிதம். பரணும் ஈரம்தான், முதலில் அதை இறக்கி ஒரு படம் எடுத்துவிடுங்கள்.